மணக்காத மூலக்கூறுகள் பறந்த வரலாறு

போடிநாயக்கனூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? ஏலக்காய்க் கிடங்குகள் உள்ள தெருவுக்குள் காலை வைப்பதற்கு முன்பே உங்கள் மூக்கு உங்களுக்குச் செய்தி சொல்லிவிடும். மூட்டை கட்டியபடியே இருக்கும். காய் ஒன்றைக்கூட நீங்கள் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். ஆயினும் 'இங்கே ஏலக்காய் இருக்கிறது' என்று ஐயமின்றிச் சொல்லிவிடுவீர்கள்.

இது எப்படி நிகழ்கிறது? ஏலக்காயின் விதையில் உள்ள எண்ணெயிலிருந்து சிறிய மூலக்கூறுகள் தாமே ஆவியாகிக் காற்றில் பறந்து வருகின்றன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று சினியோல், அதன் மூலக்கூறு எடை 154. மற்றொன்று டெர்பினைல் அசிட்டேட். அதன் எடை 196. இவ்விரண்டும் பறக்க வல்லவை. ஆகவேதான் மூக்கு அவற்றை அறிகிறது.

ஆனால் அதே மலைச் சரிவில், ஏலச்செடியின் நிழலில் ஈரமான சருகுகளிடையே அமர்ந்திருக்கும் ஒரு தவளையை எண்ணிப் பாருங்கள். அதன் தோலில் கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் சுரக்கின்றன. அவை பெப்டைடுகள் எனப்படும் சிறு புரதச் சங்கிலிகள். அவை மணப்பதில்லை, ஏனெனில் பறப்பதில்லை. சூடாக்கினால் ஆவியாகாமல் கருகிவிடும். பறக்காத இந்த மூலக்கூறுகளைப் பறக்க வைத்து, உடைத்து, துண்டுகளின் எடையைக் கொண்டே அவற்றின் அமைப்பைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இங்கு நாம் காணப்போகிறோம்.

எடை போடும் கருவி

மூலக்கூறுகளை எடை போடும் கருவிக்கு நிறை நிறமாலைமானி என்று பெயர். இங்கிலாந்தின் ஜே. ஜே. தாம்சன் 1913ஆம் ஆண்டில் நியான் வாயுவை மின்காந்தப் புலங்களின் ஊடே செலுத்தி, அதில் 20, 22 என்னும் இரு எடையுள்ள அணுக்கள் கலந்திருப்பதற்கான அறிகுறியைக் கண்டார். அவருடைய மாணவர் ஆஸ்டன் 1919இல் இக்கருவியைச் செம்மைப்படுத்தினார்.

கருவியின் தத்துவம் கடினமானதன்று. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17 உள்ளன. பாரம் ஏற்றிய லாரியும் ஒரு மிதிவண்டியும் ஒரே வேகத்தில் ஒரு வளைவை அடைந்தால் எதைத் திருப்புவது எளிது? மிதிவண்டியைத்தான். அவ்வாறே மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை ஒரு காந்தப் புலத்தின் வழியே செலுத்தினால், இலேசானவை அதிகம் வளையும். கனமானவை குறைவாக வளையும். எங்கு போய் விழுகின்றன என்று பார்த்து எடையைக் கணக்கிடலாம்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொருள் ஆவியாக வேண்டும். அது மின்னேற்றம் பெறவும் வேண்டும். பழைய கருவிகளில் ஆவியின்மீது எலக்ட்ரான்களை மோதவிட்டு மின்னேற்றம் ஊட்டினார்கள். அந்த மோதலில் மூலக்கூறுகள் பல உடைந்தும் போயின. முதலில் இது தொல்லையாகத் தோன்றியது. பிறகுதான் துண்டுகளே துப்பு என்பது புரிந்தது. நம் ஏலக்காயின் டெர்பினைல் அசிட்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 196 எடையுள்ள அது, 60 எடையுள்ள அசிட்டிக் அமிலத்தை இழந்து 136 ஆகிறது. பிறகு 15 எடையுள்ள மெத்தில் தொகுதியை இழந்து 121 ஆகிறது. 136, 121 என்னும் எண்களைக் கண்ட வேதியியலார், உடைந்த ஓட்டைப் பார்த்துப் பானையைச் சொல்வதுபோல முழு மூலக்கூற்றைச் சொல்லிவிடுவார்.

கதவும் தகவும்

இனிப் பெப்டைடுக்கு வருவோம். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் சங்கிலியே பெப்டைடு. புரதங்களில் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்கள் வருகின்றன. அவற்றை எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், பெப்டைடு ஒரு சொல்.

எழுத்துகள் எவை என்று அறிந்தால் மட்டும் சொல் விளங்கிவிடுமா? 'கதவு' என்பதிலும் 'தகவு' என்பதிலும் எழுத்துகள் அவையே. வரிசை மாறியதும் பொருளும் மாறிவிட்டது. இரண்டையும் தராசில் வைத்தால் ஒரே எடைதான் காட்டும். ஆகவே முழு எடை மட்டும் போதாது. வரிசை தெரிய வேண்டும்.

வரிசையை முதன்முதலில் முழுமையாகப் படித்துக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெடெரிக் சாங்கர். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றின் வரிசையைக் கண்டறிய அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் சுமார் பத்தாண்டுகள் பிடித்தன. அதற்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கிடையே 1950இல் சுவீடனின் பேர் எட்மன் எளிய வழி ஒன்றைக் கண்டார். சங்கிலியின் தலைப்பிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கழற்றிப் பார்ப்பதே அவர் முறை. இது பல்லாண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது.

ஆயினும் எட்மன் முறைக்கு ஒரு குறை இருந்தது. சங்கிலியின் தலைப்பு திறந்திருக்க வேண்டும். இயற்கை பல பெப்டைடுகளின் தலையில் வேறொரு தொகுதியை ஒட்டி மூடி வைத்துவிடுகிறது. மூடிய கதவை எட்மன் முறையால் திறக்க இயலாது. மேலும் பெப்டைடு தூய்மையாகவும் போதிய அளவிலும் கிடைக்க வேண்டும். ஒரு தவளையின் தோலிலிருந்து கிடைப்பதோ துளியினும் துளி!

பறக்க வைத்தவர்கள்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிளாஸ் பீமன் 1959இல் ஒரு வழி கண்டார். சிறு பெப்டைடுகளை வேதிமுறையில் மாற்றி, ஆவியாகக்கூடிய பொருள்களாக்கி, அவற்றின் துண்டுகளிலிருந்து வரிசையைப் படித்தார். அக்குழுவினர் 1966இலேயே கணிப்பொறியைக் கொண்டு வரிசையைக் கண்டறியவும் முயன்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1965இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பிரான்சில் எட்கார் லெடரரின் ஆய்வகத்தில் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பார்ட்டியூட்டின் என்னும் பொருளைப் பிரித்திருந்தார்கள். ஒன்பது அமினோ அமிலங்கள். தலையில் ஒரு கொழுப்பு அமிலம். தலை மூடியிருந்ததால் எட்மன் முறை பயன்படவில்லை. இங்கிலாந்தில் மைக்கேல் பார்பர் அதை நிறை நிறமாலைமானியில் இட்டார். 1,300ஐத் தாண்டிய எடை இருந்தும் அது ஆவியாயிற்று! காரணம் என்ன? அதன் தலையை மூடியிருந்த கொழுப்பும், சங்கிலியில் இயற்கையே ஒட்டியிருந்த மெத்தில் தொகுதிகளும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைத்திருந்தன. எட்மனுக்குத் தடையாக இருந்ததே இங்கே துணையாயிற்று.

இயற்கை செய்ததை நாமும் செய்யலாமே என்று 1967இல் அதே ஆய்வகத்தில் பி. சி. தாஸ், கெரோ, லெடரர் ஆகியோர் பெப்டைடுகளுக்கு மெத்தில் தொகுதிகளை ஒட்டும் முறையை வெளியிட்டனர். இத்தகைய முறைகளின் பயன் 1975இல் உலகறியத் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றியின் மூளையிலிருந்து, அபின் போன்று செயற்படும் ஒரு பொருளைப் பிரித்தனர். அதன் வரிசை குழப்பமாக இருந்தது. ஹோவர்ட் மாரிஸ் நிறை நிறமாலைமானியால் ஆராய்ந்தபோது குழப்பம் தீர்ந்தது. அது ஒரு பொருளன்று, இரண்டு! ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட இரு பெப்டைடுகள். கடைசி எழுத்து மட்டும் ஒன்றில் மெத்தியோனின், மற்றொன்றில் லியூசின். இவையே என்கெபலின்கள்.

பெப்டைடை மாற்றாமல் அப்படியே பறக்க வைக்க முடியாதா? அதே பார்பர் 1981இல் கிளிசரினில் பெப்டைடைக் கரைத்து, அதன்மீது வேகமான ஆர்கான் அணுக்களைப் பாய்ச்சினார். பெப்டைடுகள் உடையாமல் எழும்பி வந்தன. ஜப்பானில் கியோத்தோ நகரத்து ஷிமாட்சு நிறுவனத்தில் இளம் பொறியாளர் கோயிச்சி தனாகா, உலோகப் பொடியோடு தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். பொடியை வீணாக்க மனமின்றி அதையே லேசர் ஒளிக்கு முன் வைத்தார். பெரிய மூலக்கூறுகள் பறந்தன! ஜெர்மனியின் காராஸ், ஹில்லன்காம்ப் இருவரும் லேசர் வழியை வேறு விதத்தில் வளர்த்தனர். இன்று ஆய்வகங்களில் பெரிதும் வழங்குவது அவர்கள் முறையே. அமெரிக்காவின் ஜான் பென், பெப்டைடுக் கரைசலை மின்னழுத்தமுள்ள நுண்குழாய் வழியே சாரலாகத் தெளித்து 1980களின் இறுதியில் வெற்றி கண்டார். பென்னும் தனாகாவும் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நீங்களே படித்துப் பாருங்கள்

பறக்க வைத்தாயிற்று. இனி உடைக்க வேண்டும். அமெரிக்காவின் டொனால்டு ஹன்ட் முதலியோர் 1980களில் இதற்கு வழிவகுத்தனர். கருவியின் முதல் பகுதி ஒரே ஒரு பெப்டைடை மட்டும் எடையால் தேர்ந்தெடுக்கும். போடியில் ஏலக்காயைச் சலித்து ஓர் அளவுள்ள காயை மட்டும் தனியே பிரிப்பதுபோல என்று கொள்ளுங்கள். நடுப்பகுதியில் அது வாயு மூலக்கூறுகளோடு மோதி உடையும். கடைசிப் பகுதி துண்டுகளை எடை போடும்.

மோதலில் பெப்டைடு கண்டபடி உடைவதில்லை. பெரும்பாலும் இரு அமினோ அமிலங்களுக்கு இடையே உள்ள பிணைப்பே முறிகிறது. தலைப்பக்கத் துண்டுகளைப் 'பி' வரிசை என்றும், வால்பக்கத் துண்டுகளை 'ஒய்' வரிசை என்றும் வழங்குகிறோம். இப்பெயர் முறையை 1984இல் ரோப்ஸ்டார்பும் போல்மனும் வகுத்தனர். 'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. பெப்டைடு அவ்வாறு இராது. ஆகவே இருபுறமும் படித்து ஒன்றையொன்று சரிபார்க்கலாம்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெப்டைடின் எடை, ஒரு புரோட்டானையும் சேர்த்து, 556. அதன் பி வரிசைத் துண்டுகள் 164, 221, 278, 425. சங்கிலியில் கோத்த நிலையில் அமினோ அமிலங்களின் எடைகள் இவை: கிளைசின் 57, லியூசின் 113, மெத்தியோனின் 131, பினைல்அலனின் 147, டைரோசின் 163.

முதல் துண்டு 164. புரோட்டானுக்கு 1 கழித்தால் 163, அது டைரோசின். 221இல் 164ஐக் கழித்தால் 57, கிளைசின். 278இல் 221ஐக் கழித்தால் மீண்டும் 57, இன்னொரு கிளைசின். 425இல் 278ஐக் கழித்தால் 147, பினைல்அலனின். இனி 556இல் 425ஐக் கழித்தால் 131. ஆகா, மெத்தியோனின் என்று எழுதப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! சங்கிலியின் இரு முனைகளிலும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறு உள்ளது. பி துண்டுகளில் அது இல்லை. முழு மூலக்கூற்றில் உண்டு. அதற்கு 18 கழித்தால் 113. கடைசி எழுத்து லியூசின்! ஐயம் இருந்தால் மறுபக்கமிருந்து பாருங்கள். லியூசினே கடைசி எழுத்தானால் ஒய் வரிசையின் முதல் துண்டு 113, நீர் 18, புரோட்டான் 1 ஆகச் சேர்ந்து 132இல் இருக்க வேண்டும். மெத்தியோனினானால் 150இல் இருக்கும். கருவி 132ஐயே காட்டும்.

நீங்கள் இப்போது படித்தது லியூசின் என்கெபலின். உங்கள் மூளையிலும் இருக்கும் ஒரு பொருளின் எழுத்துகளைக் கழித்தல் கணக்கினாலேயே படித்துவிட்டீர்கள்.

நம் கடற்கரை நத்தை

இக்கலை நம் நாட்டில் எவ்வாறு பயன்பட்டது? பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை 1971இல் நிறுவியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முப்புரி அமைப்பைக் கண்ட ஜி. என். இராமச்சந்திரன். அப்பிரிவில் பி. பலராம் பல ஆண்டுகள் பெப்டைடுகளை ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்தவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் நரம்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன். (சர் சி. வி. இராமனுடன் பணியாற்றிய கிருஷ்ணன் வேறு. இவர் 2014இல் மறைந்தவர்.) இவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கூம்பு நத்தை.

கூம்பு நத்தை அழகிய ஓடுடையது. ஆனால் ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையைச் செயலிழக்கச் செய்யும். அந்த நஞ்சு பற்பல சிறு பெப்டைடுகளின் கலவை. பிலிப்பைன்ஸ் நாட்டவரான பால்டோமெரோ ஒலிவேராவின் குழுவினர் இவற்றை முன்னரே ஆராய்ந்திருந்தனர். ஒரு கூம்பு நத்தையின் 25 அமினோ அமிலப் பெப்டைடு, கடும் வலிக்கு மருந்தாக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் எடுத்த கோனஸ் அமாடிஸ் என்னும் நத்தையின் நஞ்சிலிருந்து ஒரு பெப்டைடை இக்குழுவினர் 2003இல் வெளியிட்டனர். எடை 2766, எழுத்துகள் 26. அவற்றுள் ஆறு சிஸ்டீன்கள். சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கந்தகப் பாலம் அமைத்துக்கொள்ளும். வேதி மாற்றங்கள் செய்து எடை போட்டுப் பார்த்து மூன்று பாலங்கள் உள்ளன என உறுதி செய்தனர். வால் முனை அமைடாக மாறியிருந்ததையும் வால்பக்கத் துண்டுகளின் எடையால் கண்டனர். அந்த மாற்றத்தால் எடையில் வரும் வேறுபாடு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒன்று, அதாவது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை! 2,766இல் ஒன்றைத் தவறவிட்டால் மூலக்கூறே வேறாகிவிடும்.

இப்பெப்டைடு நரம்பின் சோடிய வாயில் திறந்தபின் உரிய நேரத்தில் மூடிவிடாமல் தடுக்கிறது. வரிசை தெரிந்தமையால், இது உலகின் பிற கடல்களில் கண்ட டெல்டா வகை நஞ்சுகளின் உறவு என்று அறிய முடிந்தது.

எடை சொல்லாத எழுத்து

கருவி எல்லாம் அறிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் எடை ஒன்றே. அணுக்கள் அவையே, அடுக்கு மட்டும் வேறு. 'ல'வையும் 'ள'வையும் காதால் பிரித்தறியாதவன் 'விலை'யையும் 'விளை'யையும் குழப்புவதுபோலத் தராசு இங்கே குழம்பும். கூம்பு நத்தையின் பெப்டைடுகளில் ஹைட்ராக்சிபுரோலின் என்னும் மாற்றப்பட்ட அமினோ அமிலமும் வரும். அதன் எடையும் 113தான். பின்னத்தில் மட்டுமே வேறுபாடு. இரண்டு கிளைசின் சேர்ந்தால் 114. ஆஸ்பரஜின் ஒன்றும் 114!

இச்சிக்கலுக்குப் பலராம் குழுவினர் 2012இல் ஒரு வழியை விளக்கினர். பெப்டைடுக்கு முதலில் ஓர் எலக்ட்ரானை ஊட்டி முதுகெலும்பை முறிக்க வேண்டும். அத்துண்டை மீண்டும் வாயுவோடு மோதவிட வேண்டும். அப்போது கிளைச் சங்கிலி உதிரும். லியூசின் 43 எடையுள்ள துண்டை இழக்கும். ஐசோலியூசின் 29ஐ இழக்கும். முழுமையாக நிறுத்தபோது வாய் திறவாத எழுத்து, இரண்டாம் முறை உடைந்தபோது தன் பெயரைச் சொல்லிவிட்டது.

இன்று கணிப்பொறி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1994 முதல், அறியப்பட்ட புரத வரிசைகளின் பட்டியலோடு துண்டுகளை ஒப்பிடும் நிரல்கள் வந்துவிட்டன. ஆனால் பட்டியலில் இருப்பதைத்தான் பட்டியல் சொல்லும். மரபணு வரிசை இன்னும் படிக்கப்படாத ஓர் உயிரின் பெப்டைடைத் தொடக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகப் படிக்கத்தான் வேண்டும்.

மீண்டும் மலைச் சரிவுக்கு

அந்தத் தவளையிடம் திரும்புவோம். 2017இல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினரும் ஒரு செய்தி வெளியிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோல் பெப்டைடுகள் 32ஐச் சோதித்ததில் நான்கு, சளிக்காய்ச்சல் வைரசை எதிர்த்தன. அவற்றுள் 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்று, எச்1 வகை வைரசுகளை அழித்து எலிகளைக் காத்தது. கேரளத்தின் சுருள்வாளான உருமியின் பெயரால் அதற்கு 'உருமின்' என்று பெயரிட்டனர். எலியிடம் கண்ட பயன் மனிதரிடமும் கிடைத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் நம் மலைச் சருகுகளிடையே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஏலத்தை நாம் படித்துவிட்டோம். ஏலத்துக்கென்றே இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. போடியிலும் புற்றடியிலும் காய் நிறமும் பருமனும் பார்த்து ஏலம் போகிறது. ஆனால் செடியின் காலடியில் வாழும் தவளைக்கும் பூரானுக்கும் குளவிக்கும் ஏலமில்லை, விலையுமில்லை. தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்து வேண்டியது, வேண்டாதது என்று பார்த்துக் கொல்வதில்லை. மணக்கும் மூலக்கூறு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். மணக்காத மூலக்கூறோ, யாரேனும் தேடி வந்து படிக்கும் வரை மௌனமாகவே இருக்கும். அதைச் சுமக்கும் உயிர் மறைந்துவிட்டால், எவ்வளவு நுட்பமான கருவி வந்தாலும் படிக்க ஏடு இராது.

மாணவ நண்பர்களே! என்கெபலினைப் படிக்க உங்களுக்குத் தேவைப்பட்டது கழித்தலும், 18ஐ மறவாத கவனமும் மட்டுமே. கருவி விலையுயர்ந்தது, ஆனால் அதன் விடையை ஐயுற்று, மறுபக்கமிருந்தும் படித்துச் சரிபார்க்கும் பழக்கத்துக்கு விலையில்லை. அடுத்த முறை போடிமெட்டுச் சாலையில் ஏலக்காய் மணம் வந்தால், மூக்குக்கு எட்டாத எழுத்துகளும் அந்தச் சரிவில் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவற்றுள் சிலவற்றைப் படிக்கப் போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.